சனிக்கிழமை அவிழ்த்த துணி

தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் கேங்கில் இருபத்திரண்டு வருசம் இருந்தேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அதிகம் பேச மாட்டேன். பேசாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மருந்து அடித்த மலையில் உடனே கொழுந்து வெட்டக் கூடாது. அதற்கு அடையாளமாக நிரைத் தலைப்பில் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டுவோம். கடைசியாக மலையை விட்டு இறங்குகிற ஆள்தான் கட்ட வேண்டும். துணி இருந்தால் வெட்டுகிறவர்கள் உள்ளே இறங்க மாட்டார்கள். எழுத்தே தெரியாதவனுக்கும் புரியும்.

அந்தச் சனிக்கிழமை கடைசியாக இறங்கியது பங்களாதேசிலிருந்து வந்த ஆள். கேங்குக்கு வந்து ஒன்றரை வருசம். நாற்பது வயது இருக்கும். அவர் துணி கட்டியதை நான் பார்த்தேன். ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டார்.

மத்தியானம் பக்கத்து ஊர் திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பழைய தண்ணீர்க் குழாய் வாங்கப் போனேன். வீட்டுப் பின்னால் இருக்கும் சௌசௌ கொடிக்குத் தண்ணீர் விட. குழாய் நீளம். மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டினால் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ரோட்டில் ஓயாமல் லோரி வரும். நீட்டு முனைக்குச் சிவப்புத் துணி கட்டாமல் போனால் போலீஸ்காரன் நிறுத்துவான். அதனால் போகிற வழியிலேயே மலை ஓரம் மோட்டாரை நிறுத்தி, கம்பிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கள் விடிந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கொழுந்து முற்றுகிறது என்று, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் கிராணி ஞாயிற்றுக்கிழமையே வெட்டுக்கு ஆள் இறக்கிவிட்டார். எனக்குத் தெரியாது. மருந்து பட்ட கொழுந்து தொழிற்சாலை வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒருத்தர் மோந்து பார்த்து நிறுத்தியிருக்கிறார். அரை லோரிக் கொழுந்தைக் குழி வெட்டிக் கொட்டினார்கள்.

திங்கள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நின்றோம். தோட்ட மேனேஜர் துரையும் வந்திருந்தார். கிராணி கேட்டார்.

“சனிக்கெழம கடைசியா எறங்குனது யாரு?”

எல்லோரும் பங்களாதேசுக்காரரைப் பார்த்தார்கள்.

“டேய், துணி கட்டுனியா இல்லியா?”

“கட்டுச்சு ஐயா. ரெண்டு முடிச்சு.”

“ரெண்டு முடிச்சு போட்டா துணி எங்கடா? கொரங்கு கோவணம் கட்டிக்கிட்டுப் போயிருச்சா?”

பெரட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

துரை கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி தமிழில் சொன்னார். “இந்த மாசத்தோட பெர்மிட் முடியுதுல்ல? துரை புதுப்பிக்க வேணாங்குறாரு. ஊருக்குப் போயிரு.”

அவர் மருந்துப் பம்பை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார்.

துணி என் வீட்டில் கிடந்தது. மனைவி துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

“யாரு துணிங்க இது?”

“சும்மா கெடந்துச்சு.”

திங்கள் போனது. செவ்வாய் போனது. அவர் எனக்கு முந்தின நிரையில் மருந்து அடித்துக்கொண்டு போவார். முதுகு தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு அடிப்பேன். ஊருக்குப் போனால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒன்றரை வருசத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். கிராணியின் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு மாதிரி போய்விட்டது.

“அவன் கட்டுனத நான் பாத்தேன் ஐயா. சனிக்கெழம நல்ல காத்து. அடிச்சுட்டுப் போயிருக்கும்.”

“காத்துல ரெண்டு முடிச்சு அவுருமா?” என்றார். பிறகு, “சரி, நீ சொல்ற. துரைகிட்ட சொல்லிப் பாக்குறேன் லா” என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பங்களாதேசுக்காரர் வந்தார். கையில் ஒரு டப்பாவில் சேமியாப் பாயசம். அவரே காய்ச்சியது.

“கிராணி சொல்லுச்சு. அண்ணே எனக்குப் பேசுச்சாம். துரை இன்னும் ஒண்ணும் சொல்லல.”

வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். டப்பா சூடாக இருந்தது. குடிக்க முடியவில்லை.

“துணிய எடுத்தது நான்தான்” என்றேன்.

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

“சனிக்கெழம நான் கடையில தே குடிக்குது. அண்ணே மோட்டார் போகுது. பைப்பு பின்னால துணி.”

“பெரட்டுல ஏன் சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்பும், அண்ணே?”

“அப்பறம் எதுக்கு இந்தப் பாயசம்?” என்று கேட்டேன்.

“அண்ணே வாய் தொறக்காதுன்னு நெனச்சேன். கொஞ்சம் தொறந்துச்சு. அதுக்கு.”

கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். “குடிங்க, ஆறிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பெரட்டில், பேர் கூப்பிடும் முன்பே வரிசையை விட்டு முன்னால் வந்தேன். துணியை அவிழ்த்தது நான், குழாய்க்குக் கட்டியது நான், காற்று என்று சொன்னது பொய் என்றேன்.

பின்வரிசையில் ஒருத்தன் ஆரம்பித்தான். “அப்ப அந்தக் கொரங்கு நீதானா மாமா?” சிரிப்பு கிளம்பியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிராணி, “ஒன்னய நம்பித் துரைகிட்ட போய் நின்னேனேய்யா” என்றார். அவ்வளவுதான். என்னை மருந்து கேங்கிலிருந்து எடுத்து, கான் வெட்டப் போட்டார்கள். ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானில் மண் அள்ளும் வேலை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

கொஞ்ச நாளில் பேச்சு மாறிவிட்டது. கோயில் கூட்டத்தில் தலைவர் என் பேரைச் சொல்லி, இந்தக் காலத்தில் இப்படி உண்மை பேச யாருக்குத் தைரியம் வரும் என்றார். கை தட்டினார்கள். எழுந்து, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். திங்களிலிருந்து வியாழன் வரை ஒரு மனிதனை ஊருக்கு அனுப்பப் பார்த்தவன் நான். எழுந்திருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாசக் கடைசியில் அவர் கான் ஓரமாக வந்து நின்றார். போனை என் பக்கம் நீட்டினார். அதில் அவருடைய புது பெர்மிட்.

“இன்னும் ஒரு வருசம், அண்ணே. பாருங்க.”

என் கையெல்லாம் சேறு. போனை வாங்காமல், கானுக்குள் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். படத்தில் இருந்த முகத்துக்குக் கீழே அவருடைய முழுப் பேர் இருந்தது. அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.