பாய் சொன்ன ரயில் குகை

கொல்லிமலையிலிருந்து நாங்கள் இறக்கும் மிளகைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கும் பாய், இளவயதில் கப்பல் வேலைக்குப் போனவர். "லண்டன் ஊருக்கு அடியில பழைய ரயில் குகை இருக்குது கண்ணு. இப்ப ரயில் வாரதில்லை, தண்ணிதான் சொட்டும்" என்றார் ஒருநாள்.

"ரயில் என்னங்க எலியா, வளை தோண்டிப் போக?" என்றேன். சந்தையே சிரித்தது. 'எலி ரயில் பாய்' என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

பிறகு, மலைக்கு வேட்டையாட வந்த துரை ஒருவர் என்னைச் சமையலுக்கு லண்டன் கூட்டிப்போனார். யுத்தம் வந்தது. குண்டு விழுந்த ஒருநாள், ஜனங்களோடு படியிறங்கி ஓடி ஒளிந்தது அதே மாதிரிக் குகையில்தான். துருப்பிடித்த தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் சொட்டியது. இல்லவே இல்லை என்று நான் சிரித்த இடம் என் உயிரைக் காத்தது.

ஊர் திரும்பியதும் சந்தையில் சூழ்ந்துகொண்டார்கள். "ஏனுங்க, எலி ரயிலைப் பாத்தீங்களா?"

தராசைப் பிடித்தபடி பாய் என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் சிரிப்பு என் பக்கம் திரும்பும்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. பாய் என் மிளகை நிறுத்து முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "இன்னும் தண்ணி சொட்டுதா, கண்ணு?"

அவருக்கு மட்டும் தெரியும்படி தலையாட்டினேன்.

அவர் கண்மூடும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அந்தத் தலையை நான் சந்தை நடுவில் ஆட்டியிருக்க வேண்டும்.