பியூலாவின் இரண்டரை வினாடி

மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பியூலாவுக்குத் தரப் பரிசோதனை வேலை. பழுதான பொருளைக் கண்டால் மற்றவர்கள் யார் தலையில் பழி போடலாம் என்று பார்ப்பார்கள். அவள் மீட்டரை எடுப்பாள். வீட்டிலும் அதே கதைதான். புருஷன் டெனிஸ் காய்ச்சல் என்று படுத்தாலும் தெர்மாமீட்டர் சொன்ன பிறகுதான் கஞ்சி.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பது வயதில் ஒரு பைத்தியக்கார ஆசை. சொந்தமாக வானொலி அலை அனுப்ப அனுமதிக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்த அவள், தான் அனுப்பும் சிக்னல் நிலாவில் மோதித் திரும்புவதைத் தன் காதால் கேட்க வேண்டுமாம். சிக்னலைப் பல மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை நாலு வருஷம் உட்கார்ந்து கையாலேயே கட்டி, இந்த வாரம்தான் முடித்தாள். மாடம்பாக்கம் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் நாலு நீண்ட ஆன்டெனாக்கள் கிழக்கு அடிவானத்தைப் பார்த்து அசையாமல் நின்றன. அசோசியேஷனுக்கு அது கண்ணை உறுத்தியது. நாளைக் காலைக்குள் எல்லாம் இறங்க வேண்டும் என்று செயலாளர் லோகநாயகி கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு விட்டால் இல்லை. நாலேகால் மணிக்கு, பட்டப்பகலில், வெளிறிய நிலா தலைகாட்டியது. ஆன்டெனாக்களுக்கு நேராக அது நிற்பது அரைமணி நேரம்தான். கீழே வீட்டு அறையில் பியூலா, சிக்னல் அனுப்பும் மோர்ஸ் சாவியை அழுத்தினாள். அழுத்திய மறுகணமே சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப்ளிஃபையர் தானாக நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"போச்சு, டிரான்சிஸ்டர் அவுட்டு" என்றார் டெனிஸ்.

"அளக்காம சொல்லாதீங்க."

மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வோல்டேஜ் சரி. விசிறி ஓடுகிறது, தீய்ந்த வாடை இல்லை. ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, வருகிற சக்தியை எல்லாம் சூடாக்கித் தின்றுவிடும் டம்மி லோடை மாட்டினாள். ஆம்ப்ளிஃபையர் ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் ஓடியது. அப்படியானால் பெட்டிமேல் குற்றமில்லை. மாடியில் எதுவோ சக்தியை வாங்காமல் திருப்பி அடிக்கிறது. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது.

மாடிக்கு ஓடினாள். ஆன்டெனாவிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை இரும்புக் கம்பி கட்டி, ஈரப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் திருப்பிப் போட அப்போதுதான் லோகநாயகி மேலே வந்திருந்தார்.

"நாளைக்கு எடுத்துடப் போறீங்கதானேன்னு கட்டினேன்..."

"அக்கா, அவிழுங்கக்கா! எனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு!"

எதற்கும் குரல் உயர்த்தாத பியூலாவின் கண்ணில் நீரைப் பார்த்ததும் லோகநாயகி கம்பியை நோக்கி விரைந்தார். போர்வைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியை அவரே அவிழ்த்தார். என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலேயே இறங்கியும் வந்தார்.

பியூலா சாவியை அழுத்தினாள். சிவப்பு எரியவில்லை. ஒரே ஒரு நீண்ட ஒலி, விட்டாள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். ஒன்று... இரண்டு... அப்புறம், இரைச்சலுக்கு அடியிலிருந்து, நூல் போல மெலிந்து, அதே ஒலி வந்தது.

போய்வர ஏழரை லட்சம் கிலோமீட்டர். பியூலாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "கர்த்தாவே" என்றாள்.

"நிஜமாவே அங்க போயிட்டு வந்துச்சா?" லோகநாயகியின் குரல் இறங்கியிருந்தது. ஜன்னல் வழியே நிலாவைப் பார்த்தபடி நின்றார். தோளில் போர்வை சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவ அனுப்பும்மா. மத்தவங்களையும் கூட்டிட்டு வரேன்."

"நிலா மேல ஏறிடுச்சுக்கா. இனிமே நாளைக்குத்தான்."

மாடிக்குப் போகும் ஆன்டெனா கேபிளை லோகநாயகி ஒரு தரம் பார்த்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.