கொட்டாரத்தார் தவறான இடத்தில் அழுதார்கள்

கொட்டாரத்தில் புது ஆள் ஒருவன் வந்து இறங்கினால் முதலில் அவன் பேரைக் கேட்க மாட்டார்கள். தாய்மாமன் பேரைத்தான் கேட்பார்கள். நான் வந்த முதல் வாரம் கடைத்தெருவில் நல்லெண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரர் எண்ணெயை அளந்துகொண்டே, "உமக்கு அம்மான் ஆரு?" என்றார். நான் பணிவாக, "என் தகப்பனார் பெயர் சாமிநாத பிள்ளை, கும்பகோணம் பக்கம்" என்றேன். "அப்பன் பேரு கெடக்கட்டும் வேய், அம்மான் ஆருன்னுல்லா கேட்டேன்" என்றார். என் அம்மா கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண். எனக்கு மாமனே கிடையாது என்று சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு இரக்கம் வந்தது; ஒரு கரண்டி எண்ணெய் கூடவே ஊற்றினார். நம் கும்பகோணத்தில் தாய் தகப்பனை வாரிக் கொடுத்துவிட்டு நிற்பவனுக்குக்கூட எந்தக் கடைக்காரரும் ஒரு சொட்டு அதிகம் ஊற்றி நான் பார்த்ததில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போலவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கிற சோழ தேசத்தாருக்கும் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். திருவிதாங்கூர் ராஜாவின் சீமைக்குள் இருக்கிறது இந்த நாஞ்சில் நாடு. பேச்சு தமிழ்தான், ஆனால் கேட்டால் பாட்டு மாதிரி இருக்கும். வயல், குளம், வாய்க்கால் எல்லாம் நம்மூர்போலத்தான். ஆனால் இங்கே வேளாளர் வீடுகளில் தகப்பன் சொத்து மகனுக்குப் போகாது. ஒருவருடைய வயலும் வீடும் அவருடைய அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகளுக்குத்தான். பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் பிரியப்பட்டு ஏதாவது துண்டு நிலம் கொடுத்தால் உண்டு. அவர் கண்ணை மூடினால் அந்தச் சகோதரி பிள்ளைகளான மருமக்கள் வந்து சாவியை வாங்கிக்கொள்வார்கள். இதை மாற்றச் சட்டம் வேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். பேச்சு நடக்கிறது, சாவியும் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் எழுதிய ஒரே நாடகம் 'மஞ்சரி விலாசம்'. உங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கவலைப்படாதீர்கள், எனக்கே மறந்துபோயிருந்தது. கும்பகோணத்தில் மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். "ராகமெல்லாம் சரி, கதையைத்தான் காணோம்" என்று ஒரு புண்ணியவான் என் காது கேட்கச் சொன்னார். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை சுந்தரன், பூக்காரப் பெண் மஞ்சரியைக் காதலிக்கிறான். "அவளைக் கட்டினால் என் நிலத்தில் உனக்குக் கால் வைக்க இடமில்லை" என்கிறார் தகப்பன். சுந்தரன் மார்பைத் தட்டி, "உன் சொத்து எனக்குத் தூசு" என்று கரகரப்பிரியாவில் பாடிவிட்டு வெளியேறுகிறான்.

உண்மையைச் சொன்னால் அது என் கதை. என் அப்பா வாசலில் நின்று, "கூத்தாடப் போறவனுக்கு என் நிலத்துல கால் வைக்க இடமில்லடா" என்று கத்தினார். நானும் சளைக்காமல் கத்திவிட்டு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நாடகத்தில் பெண் மட்டும் என் கற்பனை. ஹார்மோனியத்தைக் காதலிக்கிறான் என்று மேடையில் காட்ட முடியாதே! நாடகம் படுத்ததும் ஒரு கம்பெனியோடு தெற்கே வந்தேன். நாகர்கோவிலில் கம்பெனி கலைந்தது. கொட்டாரத்தில் பாட்டு வாத்தியாராகத் தங்கிவிட்டேன். பதினோரு வருஷமாகிறது. அப்பா ஒரு கடிதாசு போடவில்லை, நானும் போடவில்லை. யார் முதலில் போடுவது என்பதில் இருவருக்கும் அப்படியொரு ரோஷம்.

போன அறுவடை முடிந்து கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. பூதலிங்கம் பிள்ளை என் பெட்டியைக் குடைந்து அந்த நோட்டை எடுத்துவிட்டார். அவர் வயதானவர், பெரிய விவசாயி, நாடகப் பித்து. "வாத்தியாரே, இதுல அப்பன் வேஷம் எனக்காக்கும்" என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மஞ்சரியாக நடித்தது தோவாளைச் சந்தையில் பூ யாவாரம் செய்யும் தாணுமாலயன். மீசையை எடுக்க மட்டும் ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. சுந்தரன் வேஷம் நெய்யூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஞானமுத்துவுக்கு. நல்ல குரல். ஆனால் காதல் பாட்டு எதைப் பாடினாலும் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை மாதிரியே வரும். கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிடுவார். "மக்கா, அவ பூக்காரிலே, மாதா இல்ல" என்று பூதலிங்கம் பிள்ளை தினமும் அவரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

கொடையன்று சனம் திமிலோகப்பட்டது. நான் ஹார்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன். முதல் காட்சி நன்றாகவே போனது. இரண்டாம் காட்சியில் தகப்பனும் மகனும் வயல் வரப்பில் நிற்கிறார்கள். அங்கே தகப்பனுக்கு ஒரு வசனம் உண்டு. வயலைக் கையால் காட்டி, "இதெல்லாம் யாருக்குடா? உனக்குத்தானடா" என்பார். திரைக்குப் பின்னால் மஞ்சரி வேஷக்காரனுக்குச் சேலை கட்டி முடிக்க நேரம் வேண்டும் என்பதற்காக எழுதிய வரி அது. கும்பகோணத்தில் அந்த வரிக்கு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பூதலிங்கம் பிள்ளை அதைச் சொன்னார். கூட்டம் கப்பென்று அடங்கியது. பெண்கள் இருந்த பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். பிறகு நாலைந்து பேர். பிறகு அந்தப் பக்கம் முழுவதும். ஐயோ, யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன். ஒரு ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வேய், ஒருக்கா கூடச் சொல்லும்" என்று கத்தினார். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுப் பார்த்திருக்கிறேன், வசனத்துக்கு அன்றுதான் பார்த்தேன். பூதலிங்கம் பிள்ளை மூன்று தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு நாடகம் என் கையில் இல்லை. தகப்பன் கோபப்பட்டு, "என் நிலத்தில் உனக்கு இடமில்லை" என்றபோது நான் உருக்கமான பின்பாட்டுக்குத் தயாரானேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எப்பம்லே இருந்தது?" என்று ஒரு குரல். "மருமகனுக்குல்லா உள்ளது, அவன்ட்ட என்ன விரட்டு?" என்று இன்னொரு குரல். சுந்தரன் மார்பைத் தட்டி, "உன் சொத்து எனக்குத் தூசு" என்று பாடினான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் ரத்தத்தால் எழுதியதாக நினைத்துக்கொண்ட பாட்டு. "இல்லாததை விட்டுட்டுப் போறதுக்கு எதுக்குடே இந்தப் பாட்டு!" என்றார்கள். ஞானமுத்து மட்டும் கண்ணீர் வடிய முழுமனதாகப் பாடினார். அவர்கள் வீட்டில் தகப்பன் சொத்து மகனுக்குத்தான் என்பதால் அந்தத் தியாகத்தின் அருமை அவர் ஒருவருக்குத்தான் விளங்கியிருந்தது. கடைசியில் காதலர்கள் மாலை மாற்றும்போது கூட்டத்தில் பாதிக்கு அது கண்ணில் படவே இல்லை. "அந்தத் தள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாவளா?" என்று தகப்பனைப் பெற்ற தாய்க்காக ஒருத்தி விசாரித்தாள். நாடகத்தில் அப்படியொரு பாத்திரமே கிடையாது.

மறுநாள் காலையில் எனக்கு ஒரே எரிச்சல். காதல் நாடகம் எழுதினால் இவர்கள் வில்லனுக்கு அழுகிறார்களே, இது என்ன ரசனை என்று பொருமிக்கொண்டிருந்தேன். அப்போது பூதலிங்கம் பிள்ளையின் மனைவி உமையம்மை வந்தார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். அதிகம் பேசாத அம்மாள். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் அந்த வீட்டில் ஒரு செண்டு நிலம் கிடையாது. பிள்ளைவாளின் மருமக்கள் இருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

"வாத்தியாரே, ராத்திரி அவுக சொன்ன அந்தச் சொல்லு நீங்க எழுதினதாக்கும்?"

"ஆமாம்."

"முப்பத்தஞ்சு வருசமா எனக்க மக்க அந்தச் சொல்லுக்குக் காத்துக் கெடக்கு. அவுக வாயால கேட்டாச்சு, நாடகத்துலன்னாலும்." பழத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பயலுக்கு என்ன கொழுப்பு வாத்தியாரே! அப்பிடி ஒரு அப்பன் கெடச்சா ஆராவது விட்டுட்டுப் போவானா? ஒண்ணு செய்யுங்க, அந்த அப்பனுக்கு நல்லதா ஒரு பாட்டு வச்சுக் குடுங்க."

அவர் போன பிறகு அந்தப் பயலாகிய நான் பழத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரி என் கற்பனையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, நடவு முடிந்த வயலைக் காட்டி அப்பா சொன்னதேதான். மஞ்சரி வேஷக்காரன் சேலை கட்டும் நேரத்தை அடைக்க என் கைக்கு அகப்பட்டது அந்த ஒரு வாக்கியம். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.

தகப்பனுக்குப் பாட்டு எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் பிடித்தது. மகன் போன வழியைப் பார்த்துத் தகப்பன் தனியாகப் பாடுவதாக எழுதினேன். பக்கத்து ஊர்க் கொடையில் பூதலிங்கம் பிள்ளை அதைப் பாடியபோது ஊரே எழுந்து நின்றது. இப்போது தோவாளையில் பூக் கட்டுகிறவர்கள்கூட முணுமுணுக்கிறார்கள். காதல் பாட்டு ஒன்றையாவது யாராவது பாடுகிறார்களா? மூச்! அந்தப் பாட்டை எழுதி முடித்த கையோடு அப்பாவுக்குக் கடிதாசும் எழுதினேன். ரோஷத்தில் நான்தான் தோற்றேன். பதில் அத்தை மகன் நடேசனின் கையெழுத்தில் வந்தது. மாமாவுக்குக் கண் தெரியவில்லை, வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டே வரி.

போனேன். வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே, "வந்துட்டானா?" என்றார் அப்பா. ஆள் பாதியாகிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தை எங்கே பிடித்து ஆரம்பிப்பது? "ஏதோ பாட்டு எழுதியிருக்கியாமே, பாடு" என்றார். ஹார்மோனியம் இல்லாமல் தொடையில் தாளம் போட்டுப் பாடினேன்.

"இவ்வளவு பதவிசாவாடா நான் பேசினேன்?"

"இல்லை. விறகுக் கட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க."

"அதை ஏன் எழுதலை?"

"ஜனங்க அழணுமே."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நிலத்தை நடேசன் பேர்ல எழுதிட்டேன்டா. நீ வருவேன்னு ஒன்பது வருஷம் பார்த்தேன். என்னைக் கழுவிக் குளிப்பாட்டுறவன் அவன்தான்" என்றார். செய்தது சரி என்றேன். வாய் சொன்னது, நெஞ்சு சொல்லவில்லை. நிலம் போனதற்காக இல்லை. அந்த ஒன்பது வருஷத்துக்காக. எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து அதைத் திரும்ப வாங்குவது?

கிளம்பும்போது அப்பா நடேசனைக் கூப்பிட்டு, அந்த வயலில் விளைந்த புது அரிசியில் கொஞ்சம் எனக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவர் அப்படி ஒருவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. நடேசன் பதறிப்போய் ஒரு சின்னச் சாக்கு நிறையக் கொண்டுவந்தான். சாக்கின் வாயை வேறு யாரையும் தைக்க விடவில்லை. அப்பாவே தடவித் தடவி, கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தார்.

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தேன். ராஜாவின் சீமைக்குள் நுழையும் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். புகையிலை ஒளித்திருக்கிறதா என்று பார்க்கச் சவுக்கைக்காரர் என் சாக்கில் கம்பியைச் செருகி எடுத்தார்.

"என்ன அரிசி வேய்? சொந்த வயலா?"

"எங்க அப்பா வயல். இப்ப எங்க அத்தை மகன் பேர்ல இருக்கு."

அவர் மனதுக்குள் உறவுமுறையைக் கூட்டிப் பார்த்தார். "அப்பனுக்க உடன்பிறந்தாளுக்க மகன். மருமகனுக்கு வந்திருக்கு, முறைதானே! பாண்டிச் சீமையிலயும் நியாயம் வந்தாச்சு போலிருக்கு. கொண்டு போவும்" என்று சந்தோஷமாகத் தட்டிக் கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன். அவர் கம்பி போட்ட ஓட்டை வழியாக அரிசி ஒவ்வொன்றாக என் வேட்டியில் உதிர்ந்துகொண்டிருந்தது. சாக்கை மேலே ஏற்றிவிடலாம் என்றார் கண்டக்டர். வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டேன். தோவாளையில் பூக்கூடைகள் ஏறின. தாணுமாலயன் என்னைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, ஊர்ல சொகந்தானா? நாளைக்கு ஒத்திகை உண்டுல்லா?" என்று ஜன்னலோரம் கையை நீட்டினான். இடது கையால் அவன் கையைப் பிடித்தேன். வலது கையை எடுக்க முடியவில்லை. கொட்டாரம் வந்து சேரும்வரை அந்த ஓட்டையைப் பொத்திக்கொண்டே வந்தேன்.