சின்னம்மாவின் சம்ரைம்ஸ்

முதலாவது பாடத்துக்கு இருந்தவர்கள் சின்னம்மா, அம்மா, நான். விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்தியபடி, கேளாதவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த ஐயாவையும் சேர்த்தால் நான்கு பேர். இல்லாதவர் சின்னம்மாவின் புருசன், சித்தப்பா. அவர் எத்தனையோ கடல் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நின்றார். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் படித்த வசனங்கள் எல்லாவற்றுக்கும் எழுவாய் அவர்தான்.

பாடம் எடுத்தது நான். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் இங்கிலிஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள். ஐயா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது வாக்குப் போடுவதற்கு மட்டும்தான். அம்மா நான்காம் வகுப்பு. சின்னம்மா அம்மாவின் தங்கை. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இடம்பெயர்வு வந்தது, எல்லாம் அடங்கி ஊருக்குத் திரும்பியபோது புத்தகப் பையைத் தூக்க வெட்கப்படும் வயதாகிவிட்டிருந்தது. தாய் தகப்பன் இல்லை என்பதால் எங்களோடுதான் இருந்தார்.

சித்தப்பாவும் ஊர்காவற்றுறையில் எங்கள் கரையில் பிறந்தவர்தான். பதினாறு வயதில் வெளிநாடு போனவர், கலியாணத்துக்கென்று மூன்று கிழமை லீவில் வந்தார். கோயிலில் தாலி கட்டினார், ஒருநாள் சின்னம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்கும்பான் கடற்கரைக்குப் போய் வந்தார், பிறகு விமானம் ஏறிவிட்டார். மிச்சம் தூதரகத்தின் கையில். சின்னம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி கேள்வி கேட்பார். இது உண்மையான கலியாணம் என்று அவருக்குப் பட்டால் விசா, படாவிட்டால் இல்லை. மொழிபெயர்க்க ஆள் உண்டாம். ஆனால் சொந்த வாயால் இங்கிலிஷில் சொன்னால் மதிப்புக் கூட என்று யாரோ சித்தப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் அவவுக்கு வாத்தியார்" என்றார். அன்றைக்கு நான் ஒரு சாண் உயர்ந்தேன்.

அந்தப் பள்ளித் தவணையில்தான் எங்கள் இங்கிலிஷ் ரீச்சர் கரும்பலகையில் ஓர் ஏணி கீறிக் காட்டியிருந்தார். உச்சிப் படியில் ஓல்வேய்ஸ், எப்போதும். அடிப் படியில் நெவர், ஒருபோதும் இல்லை. நடுப்படியில் சம்ரைம்ஸ், இடைக்கிடை. இந்தச் சொற்களை ஆளுக்கும் அவர் செய்கிற வேலைக்கும் நடுவில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். அதிகாரி எத்தனை தரம், எவ்வளவு அடிக்கடி என்றுதான் கேட்பார் என்று சித்தப்பாவும் சொல்லியிருந்ததால், நான் அந்த ஏணியை அப்படியே பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் கீறிக் குசினிச் சுவரில் தொங்கவிட்டேன்.

ஐயாவுக்கு ஏணி பிடித்துப்போயிற்று. வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த நடுச் சொல் நல்ல சொல்லு. எங்கடை தொழிலுக்கு அது ஒண்டே காணும்" என்றார்.

"உங்களுக்கு அடிச் சொல்லும் வேணும்" என்றார் அம்மா. "மனுசிக்கு ஒரு சீலை எடுத்துத் தாறதெண்டால் நெவர்."

சின்னம்மா நன்றாகப் படித்தார். மை ஹஸ்பண்ட் ஓல்வேய்ஸ் ஈற்ஸ் ஃபிஷ் என்று, கோயிலில் வாசகம் வாசிப்பவர் மாதிரி, நிமிர்ந்திருந்து சொல்வார். மை ஹஸ்பண்ட் நெவர் ஸ்மோக்ஸ் என்பதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் வரும். ஆனால் மை ஹஸ்பண்ட் ஓல்வேய்ஸ் கோல்ஸ் மீ என்ற வசனத்துக்கு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். வேலிப் பக்கம் ஒருதரம் பார்ப்பார். பிறகு அந்த ஓல்வேய்ஸை வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கிவிடுவார்.

உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று எனக்குக் கோபம் வரும். சித்தப்பா ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசி எடுத்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரக் கூட்டம் முடிந்து அவர் சட்டி கழுவப் போவதற்கு முதல் கிடைக்கிற கொஞ்ச நேரம் எங்களுக்குப் பின்னேரம். மழை பெய்தாலும் எடுத்தார், காய்ச்சல் என்றாலும் எடுத்தார். ஏணியின் உச்சிப் படிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை ரீச்சராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

எங்கள் கரையின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கடலால் வருகிறவரிடம் மீன்பாடு எப்படி என்று கேட்டால், வள்ளம் நிறைய மீன் இருந்தாலும், ஒரு கறிக்குப் போதும் என்கிற மாதிரி, "கறிக்குக் காணும்" என்றுதான் பதில் வரும். ஐயா மீன்பெட்டியை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டுதான் கரையில் நடப்பார். நிறைய என்று நம் வாயாலேயே சொன்னால் நாவூறு பட்டுவிடும்; அடுத்த நாள் வலை வெறுமையாக வரும். அதோடு, கேட்கிறவனுக்கு அன்றைக்கு மீன் ஒன்றும் படாமல் இருந்திருக்கலாம். அவன் முன்னால் எப்படி நிறைய என்று சொல்வது? பொய் சொல்கிறோம் என்று யாருமே நினைப்பதில்லை. கேட்கிறவனும் சாக்கைப் பார்த்தே கணக்கை விளங்கிக்கொள்வான்.

சின்னம்மாவின் தொலைபேசிக்கும் இதே சாக்குத்தான். பக்கத்து வீட்டு அக்காவின் புருசன் படகில் வெளிநாடு போகப் புறப்பட்டவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த அக்கா ஒருநாள் பின்னேரம் தேங்காய் ஒன்று கேட்டு வந்து நின்றபோது தொலைபேசி அடித்தது. சின்னம்மா அதை எடுக்காமல் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"அவர் ஒவ்வொரு நாளும் எடுக்கிறவரோ?" என்று அந்த அக்கா கேட்டார்.

"இல்லையக்கா, இடைக்கிடை. வேலைதானே அவருக்கு."

தலையணைக்குள் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அக்கா தேங்காயை வாங்கிக்கொண்டு போனபிறகு, ஏன் பொய் சொன்னீங்கள் என்று கேட்டேன். "எங்கடை நல்லதை நாங்களே வாயாலை சொல்லக்கூடாது, தம்பி" என்றார் சின்னம்மா. அது மீனுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

கொழும்புக்குச் சின்னம்மாவும் அம்மாவும் போனார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று. அம்மா வழி முழுக்கச் சத்தி எடுத்தார். நானும் ஐயாவும் வீட்டில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஐயா இரண்டு தரம் என்னிடம், "அவள் எல்லாம் பாடமாக்கினவள்தானே?" என்று கேட்டார்.

திரும்பி வந்த சின்னம்மாவின் முகம் தெளிவாக இருந்தது. அதிகாரி ஒரு பெண்ணாம். குளிர் அறையாம். கலியாணம் எங்கே நடந்தது, விருந்துக்கு என்ன சமைத்தது, அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்றெல்லாம் கேட்டாவாம். எல்லாவற்றுக்கும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாராம். மொழிபெயர்க்க இருந்த ஆளுக்கு வேலையே இருக்கவில்லையாம்.

"கோல் எடுக்கிறதைக் கேட்டவவோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம், கேட்டவ. மை ஹஸ்பண்ட் சம்ரைம்ஸ் கோல்ஸ் மீ எண்டு சொன்னனான். சரியோ தம்பி?"

நான் அந்த வசனத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். சொல் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. கோல்ஸ் என்பதன் கடைசியில் வரவேண்டிய எழுத்தும் தவறாமல் வந்திருந்தது. ரீச்சர் பார்த்தால் ஒரு புள்ளியும் குறைக்கமாட்டார். "முழுக்கச் சரி சின்னம்மா" என்றேன். நல்லாச் சொன்னாய் என்றார் அம்மாவும். ஐயா வலையைக் கீழே வைத்துவிட்டு, "அது காணும். அதுக்கு மேலை ஏன் பிறத்தியாருக்கு" என்றார். நாலு பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை. அன்றைக்கு அம்மா கணவாய்க் கறி வைத்தார்.

பல மாதம் கழித்து, வழக்கமான நேரத்துக்கு முந்தியே சித்தப்பா எடுத்தார். விசா இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சின்னம்மா தொலைபேசியைக் காதில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தபடியால் அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஒவ்வொரு நாளும் கதைச்ச பில் எல்லாம் நான் குடுத்தனான். நீர் சம்ரைம்ஸ் எண்டு சொல்லியிருக்கிறீர். ரெண்டிலை ஒண்டு பொய் எண்டு அவை நினைக்கினம். காசுக்குச் செய்த கலியாணமாம்."

சின்னம்மா தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"முன்பின் தெரியாத மனுசியிட்டை வேறை எப்பிடிச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுறது" என்றார் சித்தப்பா.

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இங்கிலிஷில் விட்டது பிழை, சின்னப் பெடியனை நம்பியது பிழை, மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருக்கவேண்டும். ஐயா இந்தக் கதையைக் கரையில் வைத்து ஒருதரம்தான் மறித்தார். "தமிழிலை கேட்டிருந்தாலும் அவள் இடைக்கிடை எண்டுதான் சொல்லியிருப்பாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் பெடியனைப் பற்றிக் கதைக்கவில்லை.

மேன்முறையீடு போட்டார்கள். அதற்கு அங்கே ஒரு வழக்கறிஞர். சித்தப்பா பாதிக் காசு கட்டினார், மீதியை நாங்கள் தேடவேண்டியிருந்தது. ஐயா வள்ளத்தின் எஞ்சினை விற்றார். எஞ்சினை வாங்கியவர்கள் அதை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது ஐயாவும் ஒரு பக்கம் பிடித்து உதவினார். பிறகு வேறொருவரின் வள்ளத்தில் பங்குக்குத் தொழிலுக்குப் போனார்.

மேன்முறையீடும் சரிவரவில்லை. இன்னொரு விண்ணப்பம் போட்டார்கள்; அதற்கு முதல் விண்ணப்பத்தின் நிழல் விழுந்தது. இதற்கிடையில் அந்த ஒரு சொல் சித்தப்பாவையும் அரிக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவர், உமக்கு இஞ்சை வர விருப்பமில்லையோ என்று சின்னம்மாவிடம் நேராகவே கேட்டார். எங்கள் கரையில் பிறந்தவர்தான் அவர். ஆனால் சொன்ன சொல்லையே கணக்கில் எடுக்கிற ஊரில் கனகாலம் இருந்துவிட்டார். சின்னம்மா அழுதுகொண்டு மறுத்தார். மறுப்பதற்கும் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் அவரிடம் இருக்கவில்லை.

பின்னேரங்களில் தொலைபேசி சில நாள் அடிக்கவில்லை. பிறகு பல நாள் அடிக்கவில்லை. சின்னம்மா கொழும்பில் சொன்ன வசனம் இப்போது உண்மையாயிற்று. நான் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதின வருடம் அதுவும் நின்றுபோனது. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் களைத்த மத்தியானங்களில் அவர் எடுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

எஞ்சின் போன அன்றைக்குப் பின்னேரம் நான் சின்னம்மாவிடம் போய், அந்த அறையில் ஓல்வேய்ஸ் என்ற சொல் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். என் பாடத்தில்தான் ஏதோ பிசகு என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"ஞாபகம் வந்தது. அதுதான் முதல் வந்தது. அவர் ஒவ்வொரு நாளும் எடுக்கிறது ஒண்டுதான் என்னட்டை இருந்த நல்லது, தம்பி. அதைக் கொண்டுபோய் அந்த மனுசியின்ரை மேசையிலை எப்பிடி வைக்கிறது? அவவின்ரை கையிலை மோதிரமும் இல்லை. பார்த்தனான்."

நான் உடனே, அதிகாரி கேட்டது தன் வேலைக்காகத்தான், அவவுக்குப் புருசன் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். ஏழு நாளும் நடந்தால் எந்தப் படி, இரண்டு நாள் நடந்தால் எந்தப் படி என்று விரல்விட்டுக் காட்டினேன். சின்னம்மா தலையாட்டிக் கேட்டார். விளங்கிச்சுதோ என்று நான் கேட்டதற்கு, ஓம் தம்பி, விளங்கிச்சுது என்றார். கெட்டிக்காரி, ஆனால் பிந்தித்தான் படித்துவிட்டா என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன். அந்த அறையில் அவர் பார்த்த மோதிரமில்லாத விரலை நான் காண எனக்கு இன்னும் எத்தனையோ வருடம் தேவைப்பட்டது.

வழக்கறிஞருக்குக் கட்டியது, இரண்டு விண்ணப்பம், கொழும்புப் போக்குவரத்து, தங்கிய அறை வாடகை, எல்லாமாக எங்கள் பக்கத்தால் போனது ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.