இறக்கையைத் தைத்தவர்

இரண்டாம் உலகப் போரில் பறந்த அந்தப் பழைய விமானத்துக்கு இறக்கையெல்லாம் துணி. அதை மறுபடியும் பறக்க வைக்கத் காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஊர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை நடந்தது. துணிமேல் பூச்சு பூசுகிறவன் நான். உள்ளே இருக்கும் மரச்சட்டங்களோடு துணியைச் சேர்த்துத் தைக்கச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிந்து கொடுப்பவர். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கக் காம்பு உடைந்து, அதற்குப் பதிலாக நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு முடிச்சையும் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார்.

ஒருநாள், என்ஜினியர் சரியென்று சொல்லிவிட்டுப் போன தையல் வரிசையை அவர் முழுசாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பூச்சைக் கலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாக்கா, ஒரு முடிச்சு லேசா லூசா கீது. அதுக்கு மொத்தத்தையும் பிரிப்பியா?"

"பொடவைன்னா மடிப்புல மறைஞ்சி பூடும்பா. இது ஒரே நூலு. ஒண்ணு நழுவினா பக்கத்துலகீறதும் நழுவும். மேல ஒரு ஆளு ஒக்காந்துக்கினு இருப்பாரே!"

கலக்கிய பூச்சை நான் மூடி வைத்தேன்.

விமானம் முதன்முதலாகப் பறந்த அன்று ஓடுதளத்தின் ஓரத்தில் நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் மட்டும் கண்ணை மூடியபடி முந்தானை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விமானம் இறங்கி நின்றதும் எல்லோரும் விமானியிடம் ஓடினார்கள். அம்மாளோ இறக்கைக்கு அடியில் போய், பூச்சுக்கு மேலாகவே ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"எல்லா முடிச்சும் அப்படியே கீதுபா" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தி, ஒன்றுமே இல்லாத அந்த வானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.