பத்து நிமிடத் தண்ணீர்

வால்வுக்காரர் வேலையில் சேர்ந்தபோது ஊரின் குடிநீர்த் தொட்டியை நம்பி ஒன்பது தெருக்கள்தான் இருந்தன. காலையில் வால்வு திருகும் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பி, தெருவுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் திறந்துவிடுவார். அப்படியும் தொட்டியில் மிச்சம் இருக்கும்.

இருபத்திரண்டு வருஷத்தில் தெருக்கள் நாற்பத்தொன்று ஆயின. ஒற்றை வீடு நின்ற இடத்தில் ஐந்து மாடி, மாடிக்கு நாலு குடும்பம். தொட்டி அதே தொட்டி. அதற்குத் தண்ணீர் தரும் ஏரியோ கரையை விட்டு விலகிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் தேய்ந்து இருபது நிமிடமாயிற்று. ஜனங்களின் வசவுகளை வேட்டியில் ஒட்டிய தூசி மாதிரி தட்டிவிட்டுப் போய்விடுவார்.

அவருடைய அக்காவுக்கு மேட்டுத் தெருவில் கடைசி வீடு. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அக்காவின் மகள் பிரசவம் முடிந்து வந்திருந்தாள்.

"ரெட்டைப் புள்ளடா தம்பி. துணி அலச ஒரு வாளி தண்ணி இல்ல. சாவி உன் கையிலதான இருக்கு?"

அதுவரை யாருக்காகவும் வளையாதவர், மறுநாள் மேட்டுத் தெருவுக்குப் பத்து நிமிடம் கூட்டினார். அன்று அடுத்த தெரு காய்ந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் காலிக் குடமுமாக ஒருத்தி வழியில் நின்றாள். அவள் திட்டவில்லை.

"அண்ணே, நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

அதைத் தட்டிவிட முடியவில்லை. அடுத்த நாள் அவர்களுக்கு ஈடுகட்டினார். வேறொரு தெரு காய்ந்தது. நாலு நாள் அந்தப் பத்து நிமிடம் தெருத் தெருவாகச் சுற்றியது. ஐந்தாம் நாள் அலுவலகத்துக்குப் போனார்.

"சார், ஜனம் பெருத்துப்போச்சு. இன்னொரு தொட்டி கட்டினாத்தான் ஆகும்."

இன்ஜினியர் நல்ல மனுஷர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கட்டிடலாம்யா. நிரப்புறதுக்குத் தண்ணி எங்க இருக்கு, சொல்லு? ஆறு தெரு புதுசா சேருது. இனிமே எல்லாருக்கும் பத்தே நிமிஷம்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். உள்ளே குழந்தைகள் இரண்டும் மாற்றி மாற்றி அழுதன.

"மக அவ மாமியார் ஊருக்கே போறாளாம்," என்றாள் அக்கா.

"அங்க தண்ணி வருதாக்கா?"

"மூணு நாளைக்கு ஒரு தடவை."

ஒரு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அது தூங்கும்வரை அவர் வாசலிலேயே நடந்தார்.