மர்சலின் அக்காவும் விராலடிப்பானும்

மீன் கடைக்கு மேலே காக்கை திரும்பியதும் மர்சலின் அக்காவின் இடுப்பும் திரும்புகிறது. கால் நகர்வதில்லை. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, நீள லென்ஸ் மட்டும் பட்டினப்பாக்கம் வானத்தில் காக்கையோடு ஒரு வளைவு போடுகிறது. "காக்காவ இன்னாத்துக்கு புடிக்கிற? நம்மள ஒண்ணு எடேன்," என்பார் வவ்வால் மீன் விற்கும் மண்ணாங்கட்டி. "கை பழகணும்ல. உன்ன மாதிரி அது ஒரு எடத்துல குந்திக்கினா கீது?" என்று பதில் வரும். எடுத்த காக்கைப் படங்களை அங்கேயே அழித்துவிடுவார்.

பிறகு அடையாற்றுக் கழிமுகம். தோளில் கேமரா, கைப்பிடியில் கணவர் வில்லியமின் முழங்கை. எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் குடியிருப்பில் இருவரையும் தனித்தனியே பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு காலத்தில் சாந்தோம் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதி வில்லியம் எடுத்தவை. அவர் எடுப்பார், அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி, கை கடுக்க விளக்குப் பிடிப்பார். "ஒரு ஆல்பத்துலயும் நான் இல்ல. ஓரத்துல என் முழங்கை கீது," என்று சிரிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் வில்லியமுக்கு இரு கண்களிலும் நடுப்பார்வை போயிற்று. ஓரத்தில் ஏதோ நிழலாடும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. கேமராவை விற்றுவிடச் சொன்னார். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். அக்கா விற்கவில்லை. ஒருநாள் காலை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வாங்க, நான் எடுக்கறேன். நீங்க திட்டிக்கினே வாங்க," என்று கிளப்பிவிட்டார்.

திட்டுவதற்கு நிறைய இருந்தது. முதலில் எடுத்த ஆலாப் பறவைகள் எல்லாம் வெள்ளைப் புகையாக விழுந்தன. பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அதற்குள் பறவை கடந்திருக்கும். அது, நிற்கிற மணமக்களுக்கான அமைப்பு. விரல் அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸும் பறவையோடு ஓடுகிற அமைப்பை அக்காவே மெனுவில் துழாவிக் கண்டுபிடித்தார். ஃபோகஸ் பார்க்கும் ஒற்றைப் புள்ளியிலிருந்து பறவை நழுவியது. அதனால் நடுவில் சின்னக் கட்டமாக வைத்துக்கொண்டார். வில்லியமுக்குத் தாங்கவில்லை.

"நாங்கல்லாம் கையால வளையத்த திருப்பிப் புடிச்சோம். இது மிஷினு புடிக்குது."

"புடிக்கட்டுமே. என் கைக்கும் வயசாவுது."

பறவை வராத நேரங்களில் இருவரும் பழைய கல்யாணங்களை எடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கேக் சரிந்து விழுந்த கல்யாணம், பாதிரியார் மாப்பிள்ளை பெயரை மாற்றிச் சொன்ன கல்யாணம்.

போன டிசம்பரில் விராலடிப்பான் வந்தது. மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவை, கழுகைப் போல, குளிர்காலத்தில்தான் தலைகாட்டும். அன்று நானும் கூட இருந்தேன். தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்தது. பின்னால் வரிசையாக அடுக்குமாடிகள். அக்கா அழுத்தினார். கேமரா பறவையை விட்டுவிட்டு பால்கனிகளைப் பிடித்தது. மறுபடியும் பால்கனி. அக்கா கூவினார்.

"போவுதுங்க... மிஷினு மாடிய புடிச்சிக்கினு கீது."

பாறையில் உட்கார்ந்திருந்த வில்லியம் நிமிர்ந்தார். "ஒரே பக்கமா போவுதா, சுத்துதா?"

"சுத்துது. தண்ணில நிக்கற அந்தக் கம்பத்தாண்ட வந்து வந்து திரும்புது."

"அப்ப ஆட்டோ ஃபோகஸ நிறுத்து மர்ஸி. கோயில்லருந்து பொண்ணு மாப்ள வெளிய வரச்சொல்ல இன்னா பண்ணுவோம்? வாசப்படில ஃபோகஸ் வெச்சிட்டு நிப்போம்ல? கம்பத்துல வை. அதுவா வரும்."

அக்கா வளையத்தைக் கையால் திருப்பினார். கம்பத்தின் பாசி தெளிந்தது. காத்திருந்தார். பறவை தண்ணீரில் பாய்ந்து, எழுந்து, சுற்றி வந்து கம்பத்தைத் தாண்டும்போது ஷட்டர் படபடத்தது. நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் கண். நகங்களில் துடிக்கும் மடவை மீன். விரிந்த இறக்கைகளிலிருந்து சொட்டும் தண்ணீர்.

"வுழுந்துதா?" என்றார் வில்லியம்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவை அவர் மடியில் வைத்தார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, திரையில் ஒரு இறக்கையின் நுனியிலிருந்து மறு இறக்கையின் நுனிவரை மெல்ல இழுத்துக்கொண்டு போனார்.